நீடாமங்கலம் கேட்டில் பதினோரு நிமிடம்

முன்புறம், பின்புறம்,
பதினான்கு பேருக்கு இருபத்தெட்டுப் பக்கம்.
காப்பி எடுத்துத் தரத் தர ஹபிபுல்
சட்டைப்பையில் வைக்காமல்
சோற்றுப்பையில் வைத்தான்.
நடவுக்கு வந்தவனிடம் சேறு படாத இடம்
அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் ஜீப் வந்தது.
மில் கொட்டகையில் பதினோரு பேரை விட்டுவிட்டு
மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.
ஒரு அட்டையில் ஷேக்காம்,
இன்னொன்றில் ஷேய்க்காம்.
ரேஷன் அட்டையில் நான் கமலவேணி,
வாக்காளர் பட்டியலில் கமளவேனி.
என்னை யாரும் எங்கேயும் ஏற்றிப் போனதில்லை.

பாதி நட்ட வயலில் கயிறு கட்டியபடியே கிடந்தது.
வரப்பில் நாற்றுமுடி பழுக்கத் தொடங்கிவிட்டது.

புதுச் சட்டம்மா, என்றார் ஏட்டு.
போன வாரம்தான் தில்லியில் நிறைவேறிச்சு.
சந்தேகம் வந்தால் போதும்,
உள்ளூர்க்காரன்தான் என்று அவன்தான் காட்டணும்.

நம்ம எம்பி அதற்கு என்ன சொன்னார்?
ஏட்டு மீசையைத் தடவினார்.
அதெல்லாம் எங்க வேலை இல்லை.

மன்னார்குடி ஆபீசுக்குப் போன் போட்டேன்.
அண்ணன் அன்னிக்கு அவைக்குப் போனாரு, கையெழுத்து இருக்கு.
கொரடாச்சேரியில ரயில் நிக்கணும்னு பேசினாரு,
வீடியோ அனுப்பவா?
மசோதாவுக்கு?
கட்சி நிலைதான் அண்ணன் நிலை.
கட்சி நிலை என்ன?
அதை அண்ணன்தான் சொல்லணும்.

திருவாரூர் வக்கீல் அருமைக்கண்ணு
அன்றைய நடவடிக்கைக் குறிப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்தார்.
நூற்றுத் தொண்ணூறு பக்கம். காசு வாங்கவில்லை.
எம்பி பெயர் இரண்டே இடத்தில்.
ஒன்று, கொரடாச்சேரி.
இன்னொன்றில் பெயருக்குப் பக்கத்தில் ‘குறுக்கீடு’ என்று மட்டும்.
எதைக் குறுக்கிட்டார், யாரை, எதற்கு,
எழுதியவர் எழுதவில்லை.

கடைசியில் இருந்தது:
ஏற்போர் ஆம் என்க.
மறுப்போர் இல்லை என்க.
ஆம் என்போரே அதிகம்.
குரல் வாக்கெடுப்பாம்.
பேர் இல்லை, எண் இல்லை.
எங்கள் மகளிர் குழுவில்
ஐந்நூறு ரூபாய்க் கடனுக்கே தேதி உண்டு, சாட்சி உண்டு.

ஜோகூரில் என் கொழுந்தன் பெர்மிட் முடிந்து ஒன்றரை வருடம்.
ரெய்டு என்றால் செம்பனைத் தோப்பில் படுத்துக்கொள்வான்.
அங்கே யார் ஆம் என்றார்கள் என்று
நான் ஒருநாளும் தேடியதில்லை.

செவ்வாய்க்கிழமை கேட் போட்டார்கள்.
நெல் ஏற்றிய கூட்ஸ்.
பேருந்துக்கும் டிராக்டருக்கும் நடுவே
கட்சிக்கொடி போட்ட வெள்ளைக் கார்.
கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.
கண்ணாடி நாலு விரல் இறங்கியது.

அந்த மசோதாவுக்கு ஆமான்னீங்களா, இல்லைன்னீங்களா?

எந்த ஊரும்மா?
இந்த ஊருதான்.
நட்டாச்சா?
பாதி.
ஆள் கிடைக்கலியா?
கிடைச்சாங்க. புடிச்சிட்டுப் போயிட்டாங்க.

அவர் கூட்ஸைப் பார்த்தார்.
பெட்டி போய்க்கொண்டே இருந்தது.
முன்சீட்டுக்காரர் என்னவோ சொல்ல வாயெடுத்தார்,
எம்பி கையைக் காட்டி நிறுத்தினார்.

அந்த நேரத்துல நான் உள்ள இல்லம்மா.
டீ குடிக்கப் போயிருந்தேன்.

வேண்டுமென்றே போனாரா,
நிஜமாகவே டீதானா என்று கேட்பதற்குள்
கேட் தூக்கிவிட்டார்கள்.
பின்னால் நின்ற அத்தனை வண்டியும்
ஒரே குரலில் கத்தின.

கடைக்கு வந்து கடைசிப் பக்கத்தின் பின்னால் எழுதினேன்.
புரட்டாசி பதினாறு. பகல் பதினொன்றேகால்.
நீடாமங்கலம் கேட். டீ குடிக்கப் போயிருந்தார்.
கையெழுத்து: கமலவேணி.

ஒரு காப்பி வக்கீலுக்கு.
ஹபிபுல் தனக்கும் ஒன்று வேண்டும் என்றான்.
தமிழ் படிக்கத் தெரியாது அவனுக்கு.
மடித்துச் சோற்றுப்பையில் வைத்துக்கொண்டு
இரண்டு ரூபாய் நாணயத்தை நீட்டினான்.

வாங்கிக்கொண்டேன்.